ரேம் விலை எகிறுது... ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

திருப்பூரில் துணி கட்டிங் டேபிளுக்குப் போகும் முன்பே, கம்ப்யூட்டரில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. பேட்டர்ன், பிரிண்டுக்கான கலர் செப்பரேஷன், எம்ப்ராய்டரி டிசைன், ஏற்றுமதி ஆவணங்கள் என எல்லாமே அதில்தான். பெரிய ஃபைலைத் திறந்ததும் சிஸ்டம் 'ஹேங்' ஆனால், "இன்னொரு 8 ஜிபி ரேம் போட்டா சரியாகிடும்" என்பதுதான் முதலில் கேட்கும் யோசனை. ஆனால் இப்போது அது அவசரப்பட்டு எடுக்கும் முடிவல்ல.

இப்போ என்ன பிரச்னை?

ஏஐ சர்வர்களுக்கான மெமரிக்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் நிறுவனங்கள் முன்னுரிமை தருவதால், 2025 இறுதியில் சாதாரண ரேம் விலை வேகமாக ஏறியது. சில்லறைச் சந்தையில் பிரபலமான 'குரூஷியல்' பிராண்டிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டதால், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் செலவைச் சுருக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. இந்த நேரத்தில் பொருந்தாத ரேமை வாங்கினால் இரட்டை நஷ்டம்.

ரேம் போட்டால் விண்டோஸ் 11 வந்துடுமா?

வராது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் போதும். தடையாக நிற்பது பிராசசரும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும்தான். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறை முதல்தான் ஏற்கும். அதற்கும் பழைய கம்ப்யூட்டர் என்றால், ரேமுக்குச் செலவழிக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கணும்.

எப்படிச் செக் பண்றது?

* வழக்கமாக ஹேங் ஆகும் ஃபைலைத் திறந்து வைத்து, டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' பகுதியைப் பாருங்கள். 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் பற்றாக்குறைதான். பாதிகூட நிரம்பவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ. பழைய ஹார்டு டிஸ்க்காகக்கூட இருக்கலாம்.

* டிடிஆர் 3, 4, 5 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெட்டு இருக்கும் இடமும் மின்னழுத்தமும் வேறு. அழுத்தி மாட்டினால் மதர்போர்டே போய்விடலாம்.

* டெஸ்க்டாப் ரேம் நீளம், லேப்டாப் ரேம் குட்டை. சில மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்; மாற்ற முடியாது.

* காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதும் டாஸ்க் மேனேஜரிலேயே தெரியும். இரண்டும் நிரம்பியிருந்தால் பழையதைக் கழற்றித்தான் ஆகணும்.

* போர்டுக்கும் உச்சவரம்பு உண்டு. பழைய ஹெச்61 போர்டுகள் 16 ஜிபி வரைதான் ஏற்கும். மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால் இது தெரிந்துவிடும்.

* 32-பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை.

* வெவ்வேறு வேக ரேம்களைச் சேர்த்தால், இரண்டுமே பெரும்பாலும் குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

கடைக்குப் போகும் முன்...

இருக்கும் ரேமின் லேபிளையும் போர்டு மாடல் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "பொருந்தலைன்னா மாத்தித் தருவீங்களா?" என்று முதலிலேயே கேட்டு, பில் வாங்குங்கள். பத்து சிஸ்டத்துக்கும் மொத்தமாக ஆர்டர் போடுவதைவிட, ஒன்றில் மாட்டி ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு வாங்குவதே பாதுகாப்பு.