கேட்கக் கற்றுக்கொடுக்கும் சபை



செவிப்புலனின்றிப் பிறந்த நம் சபைப் பிள்ளை ஒருவனுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் என்னும் உட்செவிக் கருவி பொருத்தப்பட்டபோது, "அற்புதம் நிறைவேறிற்று" என்று பிரசங்க பீடத்திலிருந்து அறிவித்தேன். யாவரும் கைதட்டி ஸ்தோத்திரித்தோம். மூன்று மாதங்களுக்குப் பின் அவனுடைய தாயார் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டபோது, "ஐயா, 'இன்னும் பேசவில்லையா?' என்று வாரந்தோறும் கேட்கிறார்கள். பதில் சொல்ல எனக்குப் பெலனில்லை" என்றார். தவறு என்னுடையது. தொடக்கத்தையே முடிவென்று நான் அறிவித்துவிட்டேன்.

இக்கருவியை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவர் ஆஸ்திரேலிய மருத்துவரான கிரேம் கிளார்க். செவித்திறன் குறைந்த தந்தையின் மகனான அவர், பல்லாண்டு உழைப்பிற்குப் பின் 1978-இல் மெல்போர்னில் தமது கருவியை முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார். வெளியே அணியும் பகுதி ஓசையைப் பெறுகிறது. உட்செவியில் வைக்கப்பட்ட மின்முனைகள் கேள்வி நரம்பைத் தூண்டுகின்றன. ஆனால் அந்தத் துடிப்புகளின் பொருளை மூளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும். கருவி இயங்கத் தொடங்கிய நாளிலிருந்தே பிள்ளையின் கேட்கும் வயது கணக்கிடப்படுகிறது. நான்கு வயதானாலும், கேட்பதில் அவன் மூன்று மாதக் குழந்தையே. மூன்று மாதக் குழந்தையிடம் "ஏன் பேசவில்லை?" என்று கேட்போமா?

1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தைத் தியானியுங்கள். சாமுவேலின் காதில் சத்தம் விழுந்தது. அழைத்தவர் யாரென்று அவன் அறியவில்லை. மூன்று முறை ஏலியிடம் ஓடினான். முதியவரான ஏலி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அழைப்பது யாரென்று உணர்ந்து, மறுமொழி சொல்லக் கற்றுக்கொடுத்தார். கேட்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஏலி வேண்டும்.

அந்த ஊழியம் பெற்றோருக்கு மாத்திரம் உரியதன்று. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்கு அறுவைச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. பேச்சுப் பயிற்சிக்காகப் பேருந்து ஏறும் தாய் இழக்கும் நாட்கூலியை யார் ஏற்பது? சபையின் காணிக்கை அதற்கு உதவுவதே நியாயம் என்பது என் துணிபு.

பணமின்றிச் செய்யக்கூடியவையும் உண்டு. பிள்ளையின் அருகே அமர்ந்து, ஒருவர் பின் ஒருவராக, சிறுசிறு வாக்கியங்களாகப் பேசுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, ஒலிபெருக்கிக்கும் மின்விசிறிக்கும் தள்ளி, உங்களுக்கு அருகே அவனை உட்கார வையுங்கள். கருவி சரியாய்க் கேட்கிறதா என்றறிய, ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளை உதடு தெரியாதபடி சொல்லிப் பாருங்கள். தாயார் உங்களுக்குக் காட்டுவார். அவன் சைகையால் பேசினால் அதையும் அன்போடு ஏற்றுக்கொள்ளுங்கள். கர்த்தர் அதையும் அறிவார்.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில், செவிடனாயிருந்தவனை நம் ஆண்டவர் ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துச் சென்ற பின்னரே குணமாக்கினார். இரைச்சலை விலக்கி ஒருவனுக்காக நேரம் ஒதுக்கிய அந்த அன்பே நமக்கு மாதிரி. வருகிற ஞாயிறு அந்தத் தாயார் மீண்டும் வரச் சம்மதித்திருக்கிறார். அவரிடம் கேள்வி எதுவும் கேளாதிருங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்து, அவன் திரும்பிப் பார்க்கும்வரை பொறுத்திருங்கள்.

அத்தகைய பொறுமையைக் கர்த்தர் நமக்கு அருளுவாராக. ஆமென்.