பைன் மரத்தைக் கொல்லும் குளவி. குளவியை மலடாக்கும் புழு: ஆஸ்திரேலியா கையாளும் உத்தி என்ன?

வீடு கட்டும் மரச்சட்டங்களுக்கு ஆஸ்திரேலியா பெரிதும் நம்பியிருப்பது பைன் தோட்டங்களைத்தான். அந்தத் தோட்டங்களுக்கு 70 ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைவலியாக இருப்பது 'சைரெக்ஸ்' என்ற மரக்குளவி. பூச்சிமருந்து அடித்து இதை ஒழிக்க முடியாது. ஏன்?

எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவும் அதை ஒட்டிய ஆசியப் பகுதிகளும், வட ஆப்பிரிக்காவும்தான் இதன் சொந்த ஊர். அங்கே இது பெரிய பிரச்னையே இல்லை. ஆஸ்திரேலியாவில் இயற்கையாக பைன் மரமே கிடையாது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ரேடியாட்டா பைனைக் கொண்டுவந்து லட்சக்கணக்கில் நட்டார்கள். 1952இல் டாஸ்மேனியாவில் குளவி கண்டுபிடிக்கப்பட்டது. சாப்பாடு தயார், எதிரிகள் இல்லை. பிறகென்ன? 1960களின் தொடக்கத்தில் விக்டோரியாவுக்கும் வந்துவிட்டது.

மரத்தை எப்படிக் கொல்கிறது?

பெண் குளவி மரத்தில் துளையிட்டு முட்டையிடும்போது, நச்சுத்தன்மை கொண்ட ஒரு திரவத்தையும் ஒரு பூஞ்சையையும் சேர்த்தே உள்ளே செலுத்துகிறது. திரவம் மரத்தைப் பலவீனமாக்க, பூஞ்சை பரவி மரத்தைக் காய வைக்கிறது. பூஞ்சை படர்ந்த அந்த மரத்தைத்தான் குளவியின் புழுக்கள் தின்று வளர்கின்றன. எல்லாம் தண்டுக்குள்ளேயே நடப்பதால் மேலே மருந்து தெளித்துப் பயனில்லை.

புழுவை வைத்து குளவியை அடக்குவது எப்படி?

இங்கே உதவிக்கு வந்தது கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு நூற்புழு. 1962இல் நியூசிலாந்தில் இது கண்டறியப்பட்டது. இதற்கு இரட்டை வாழ்க்கை. ஒரு வடிவம் அதே பூஞ்சையைத் தின்று மரத்துக்குள் பெருகும். இன்னொரு வடிவம் குளவியின் புழுவுக்குள் புகுந்து, பெண் குளவியின் முட்டைகளை மலடாக்கிவிடும். அந்தக் குளவி அடுத்த மரத்தில் முட்டையிடும்போது, குஞ்சுக்குப் பதில் நூற்புழுக்கள்தான் போய்ச் சேரும். அதாவது, மருந்தைக் கொண்டுபோய் சேர்ப்பதே குளவிதான்!

இதற்காக சில மரங்களைக் களைக்கொல்லி கொடுத்து வேண்டுமென்றே நலிவடையச் செய்கிறார்கள். நலிந்த மரத்தைத் தேடி குளவி வரும். பிறகு அந்தப் 'பொறி மரங்களை' வெட்டிச் சாய்த்து நூற்புழுவைச் செலுத்துவார்கள்.

அப்படியும் 50 லட்சம் மரங்கள் போனது ஏன்?

1987 முதல் 1989 வரை தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா எல்லையில் உள்ள 'பசுமை முக்கோணம்' பகுதியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் செத்தன. மரங்களை உரிய காலத்தில் கலைத்து விடாததால் நெருக்கத்தில் நலிந்து நின்றன. கண்காணிப்பும் தளர்ந்திருந்தது. இன்னொரு அதிர்ச்சியும் காத்திருந்தது. ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் பூஞ்சையை மட்டுமே தின்று வளர்ந்த நூற்புழு, குளவியைத் தாக்கும் திறனையே பெருமளவு இழந்திருந்தது. டாஸ்மேனியாவின் கமோனா காட்டிலிருந்து வீரியம் குறையாத வகையை மறுபடியும் எடுத்துவர வேண்டியதாயிற்று.

இப்போது என்ன சிக்கல்?

இன்னொரு வேற்றுநாட்டுப் பூச்சி குறுக்கே நிற்கிறது. 1943இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட வட அமெரிக்கப் பட்டை வண்டும் நலிந்த பைனைத்தான் தேடிப் போகும். பொறி மரத்தில் இது முந்திக்கொண்டால், கூடவே வரும் நீலக்கறைப் பூஞ்சை மரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் குளவியின் பூஞ்சைக்கு இடமில்லை. நூற்புழுவுக்கும் தீனி இல்லை. வறட்சிக் காலத்தில் நலிந்த மரங்கள் கூடுவதால் இரண்டு பூச்சிகளுக்குமே கொண்டாட்டம்.

இது ஆஸ்திரேலியாவின் கதை மட்டுமல்ல. பிரேசில் 1988இலும், தென்னாப்பிரிக்கா 1994இலும் இதே குளவியைக் கண்டன. அங்கும் நூற்புழுதான் முக்கிய ஆயுதம். ஆனால் ஒருமுறை விட்டுவிட்டு மறந்துபோகும் ஆயுதம் அல்ல இது. மரங்களைக் காலத்தில் கலைப்பது, ஆண்டுதோறும் கண்காணிப்பது, புழுவின் வீரியத்தைச் சோதிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பலன். குளவி குறைந்துவிட்டதே என்று இந்தச் செலவுகளை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1987தான் பதில்.