சரீரம் இளைப்பாறட்டும், மனமும் பேசட்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், ஆவடியின் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளிலும், பூந்தமல்லியைச் சுற்றிப் பெருகிவிட்ட கிடங்குகளிலும் உழைத்துப் பிழைக்கிறவர்களிடையே, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, ராத்திரியில் தூக்கம் பிடிப்பதில்லை என்று மருத்துவரிடம் ஓடி, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, "ஒன்றுமில்லை, டென்ஷன்தான், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு வீடு திரும்புகிறவர்கள் அநேகர். அந்த யோசனை நல்ல யோசனையே. ஆனால் அத்தோடு வைத்தியம் முடிந்துவிட்டதாகக் கருதுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சரீரத்தைத் தளர்த்தி மனத்தைச் சாந்தப்படுத்தும் வித்தை சவாசனமும் பிராணாயாமமும் அறிந்த நமக்குப் புதிதன்று. மேனாட்டு வைத்தியத்தில் அதைச் சாஸ்திரீயமாக ஆராய்ந்து 1929-இல் நூலாக வெளியிட்டவர் சிகாகோ நகரத்து மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன். அவருடைய முறை மிக எளியது. வலது கையை இறுக மூடி, முன்னங்கையில் ஏறுகிற விறைப்பைச் சில விநாடிகள் கவனித்து, பிறகு பிடியை விட்டுவிட்டு, அங்கே பரவுகிற இளக்கத்தை அதைக் காட்டிலும் நெடுநேரம் கவனிக்க வேண்டும். அவ்வாறே புஜம், நெற்றி, தாடை, தோள், வயிறு, கால் என்று ஒவ்வோர் அங்கமாகச் செல்ல வேண்டும். எட்டு மணி நேரம் பிரஸ் மெஷின் முன்னால் நின்று, ஷிப்ட் முடிந்து வந்து பாயில் சாய்ந்த பிறகும் பல்லைக் கடித்தபடியும் தோளைத் தூக்கியபடியுமே கிடக்கிற தொழிலாளிக்கு, தன் தாடை இறுகியிருக்கிறது என்ற சங்கதியே இந்த அப்பியாசத்தின்போதுதான் தெரியவரும். தெரிந்த பிறகுதானே அதை விட முடியும்!

தென்னாப்பிரிக்க மனநல மருத்துவரான ஜோசப் வோல்பே இந்தப் பயிற்சியைச் சுருக்கி, அதை மனச் சிகிச்சையின் ஓர் உறுப்பாகவே ஆக்கி, 1958-இல் ஒரு நூல் எழுதினார். உடம்பு இளகியிருக்கும் வேளையில் பயம் முழு வேகத்தில் எழ முடியாது என்பது அவருடைய சித்தாந்தம். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில், நெரிசலுக்கு நடுவே ஒரு நாள் மாரடைப்பே வந்துவிட்டதென்று பதறிப்போய், அது முதல் ரயில் என்றாலே நடுங்குகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். உடம்பைத் தளர்த்தக் கற்ற அவர், சிகிச்சையாளரின் துணையோடு முதலில் அந்தப் பிரயாணத்தை மனத்தில் மட்டும் சிறிது சிறிதாகக் கற்பனை செய்கிறார். பிறகு நிலையத்தின் நடைமேடையில் சற்று உட்கார்ந்துவிட்டு வருகிறார். பிறகு பட்டரவாக்கம் வரை ஒரே ஒரு நிறுத்தம். அப்புறம் கொரட்டூர், வில்லிவாக்கம். இந்தப் படிகளை வகுப்பதற்கும், ஒரு படியில் தவறினால் தைரியம் சொல்லி மறுபடி ஏற்றுவதற்கும் ஓர் ஆள் வேண்டும். கைப்பேசியில் ஓடுகிற ஒலிப்பதிவு அந்த வேலையைச் செய்யாது.

மனச்சோர்வின் விஷயமோ வேறு. பதற்றத்தில் முறுக்கேறிக் கிடப்பதைத் தளர்த்தினால் பாதித் தொல்லை குறையலாம். எதிலும் பிடிப்பில்லாமல், எழுந்து பல் துலக்குவதே மலையாகத் தோன்றுகிறவரைக் கண்ணை மூடிச் சும்மா உட்காரச் சொன்னால், "நான் எதற்கும் லாயக்கில்லாதவன்" என்ற எண்ணத்தோடு அவரைத் தனியே விட்டுவிட்டதாகவும் முடியலாம். பதற்றக்காரரிலும் சிலருக்கு, உடம்பு தளரத் தொடங்கியதுமே பிடி நழுவுவது போன்ற பீதி எழுவதுண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் குறித்திருக்கிறார்கள். 15 ஆய்வுகளைத் திரட்டி 2008-இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு, மனச்சோர்வுக்குத் தளர்வுப் பயிற்சி ஒன்றுமே செய்யாதிருப்பதைவிட மேல் என்றும், ஆனால் எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து திருத்துகிற பேச்சுச் சிகிச்சைக்கு ஈடாகாது என்றும் தீர்ப்புச் சொல்லியது. ஆகையால் தளர்வுப் பயிற்சியையும் பேச்சுச் சிகிச்சையையும் பிரிக்காமல், யாருக்கு எதை, எப்போது, எவ்வளவு என்று நோயாளியின் முகத்தைப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நிபுணர்கள் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1993-இல் தொடங்கப்பட்டு முகப்பேரில் இயங்கும் பானியன் என்ற தொண்டு நிறுவனமும், அண்ணா நகர் மேற்கில் உள்ள ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனமும் தீவிர மனநோயாளிகளுக்கென்று அரும்பாடு பட்டு வருகின்றன. எல்லாச் சுமையையும் அவற்றின் தலையிலேயே ஏற்றுவது முறையன்று. ஆனால் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லாத, பயிற்சியளிக்கப்பட்ட உள்ளூர்க்காரர்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் மனச்சோர்வுக்காரருக்குக் கணிசமான நிவாரணம் அளித்ததை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. கோவாவில் முடிந்தது ஆவடியில் ஏன் முடியாது?

நம் தொழிலாளி முதலில் தட்டுகிற கதவு இ.எஸ்.ஐ. மருந்தகம். அங்கே வாரத்தில் சில நாட்களாவது ஓர் உளவியலாளர் அமர வேண்டும். அவருக்குக் கீழே பயிற்சி பெற்ற ஊழியர்கள் வேண்டும். தளர்வுப் பயிற்சி கற்பிக்க ஒரு தனி அறையும், அரை நாள் கூலி போகாமல் வந்து போகத்தக்க மாலை நேரமும் வேண்டும். அரும்பாக்கத்தில் அரசின் யோகா மருத்துவக் கல்லூரியை வைத்திருக்கிற நாம், அங்கே தேர்ந்து வருகிறவர்களும் மனநல மருத்துவர்களும் ஒரே நோயாளியைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்வது அப்படியொன்றும் பிரம்மப் பிரயத்தனம் ஆகாது. அரசு நடத்துகிற மனநல சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே சொல்கிறது. தொழிற்சாலை நிர்வாகங்களும் ஆண்டுக்கொரு முறை யோகா தினத்தன்று பாய் விரிப்பதோடு திருப்தியடையாமல், சிகிச்சைக்குப் போகிறவரின் சம்பளத்தைப் பிடிக்காமலும் பெயரைக் கெடுக்காமலும் இருக்கட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, மனம் எதிலும் ஒட்டாதிருந்தால், மூச்சுப் பயிற்சியைத் தாராளமாகச் செய்யுங்கள்; அதோடு 14416 என்ற அரசின் இலவச எண்ணுக்கும் பேசுங்கள். பகலானாலும் இரவானாலும், தமிழிலேயே பேசலாம்.