புயலுக்குப் பின் முதலில் திறக்க வேண்டிய கதவு



ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக் காலம் நெருங்கும்போது எங்கள் ஆசிரியர் அறையில் வெள்ளத்தைப் பற்றிய பேச்சு எழும். கணினிகளை மாடிக்கு ஏற்ற வேண்டும், பாடநூல் அறையின் அடுக்குகளை உயர்த்த வேண்டும், மண்டபத்தைத் துயர் துடைப்பு மையமாகக் கேட்டால் நாற்காலிகளை எங்கே வைப்பது என்றெல்லாம் பேசுவோம். தண்ணீர் வடிந்து பிள்ளைகள் திரும்பி வரும் முதல் நாளில் என்ன செய்யப் போகிறோம் என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. நானும் பேசியதில்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பள்ளிகளுக்குக் கத்ரினா சூறாவளிக்குப் பின் நேர்ந்ததைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் குறை என் கண்ணில் பட்டது.

கத்ரினா 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் காலையில் லூசியானா மாநிலக் கரையைத் தாக்கியது. நகரை மூழ்கடித்ததற்குக் காற்றை மட்டும் குறை சொல்ல இயலாது. கால்வாய்க் கரைகளில் எழுப்பியிருந்த வெள்ளத் தடுப்புச் சுவர்கள் பல இடங்களில் உடைந்தன. நகரின் 80 விழுக்காட்டுப் பகுதி நீரில் மூழ்கியது. சுவர்களின் வடிவமைப்பிலேயே பிழை இருந்ததை அவற்றைக் கட்டிய இராணுவப் பொறியாளர் படை 2006இல் ஒப்புக்கொண்டது. நெடுங்காலம் 1,833 என்று சொல்லப்பட்டு வந்த மரண எண்ணிக்கையை, அந்நாட்டின் தேசியச் சூறாவளி மையம் 2023இல் 1,392 எனத் திருத்தி வெளியிட்டது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைச் சரியாக எண்ணி முடிக்கவே அத்தனை ஆண்டுகள் ஆகின்றன!

அப்போது புதிய கல்வியாண்டு தொடங்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. நகரின் பொதுப் பள்ளிகளில் பயின்ற ஏறத்தாழ 65,000 பிள்ளைகள் பல மாநிலங்களுக்குச் சிதறினர். அண்டை மாநிலமான டெக்சாஸ் மட்டும் புயலால் இடம்பெயர்ந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைத் தன் பள்ளிகளில் சேர்த்துக்கொண்டது. வீடிழந்த பிள்ளையிடம் பிறப்புச் சான்றிதழ், முந்தைய பள்ளியின் பதிவேடு, தடுப்பூசி அட்டை முதலியன இல்லாவிட்டாலும் உடனே பள்ளியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தாள்களைப் பிறகு தேடிக்கொள்ளலாம், பிள்ளை முதலில் வகுப்பில் உட்காரட்டும் என்பதே அதன் கருத்து. ஒரு சிறிய படிவம் குறைந்தால்கூடப் பெற்றோரைத் திருப்பி அனுப்பும் அலுவலகங்களைக் கண்டிருக்கும் எனக்கு இது வியப்பளித்தது.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். லூசியானாவில் மாவட்டத்தைப் ‘பாரிஷ்’ என்பார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரம் ஆர்லியன்ஸ் பாரிஷில் அடங்கும். அதை ஒட்டிக் கிழக்கே இருப்பது செயிண்ட் பெர்னார்டு பாரிஷ். இரண்டும் ஒரே வெள்ளத்தில் மூழ்கியவை. ஆனால் பள்ளிகளை மீட்டெடுப்பதில் இரண்டும் வேறு வேறு வழிகளில் சென்றன.

செயிண்ட் பெர்னார்டில் ஏறக்குறைய எல்லாக் கட்டடங்களுமே நீரில் மூழ்கின. புயலுக்கு முன் அங்கே சுமார் 8,800 மாணவர்கள் பயின்றனர். பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர் டோரிஸ் வாய்ட்டியர் என்னும் அம்மையார். ஊரே காலியாகக் கிடக்கும்போது பள்ளி எதற்கு என்று அவர் எண்ணவில்லை. பள்ளி இல்லாவிட்டால் பிள்ளைகள் உள்ள குடும்பம் எதுவும் திரும்பி வராது, குடும்பங்கள் திரும்பாவிட்டால் ஊர் எழாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மத்திய அரசின் பேரிடர் நிறுவனம் தற்காலிக வகுப்பறைகளைத் தரும் என்று காத்திருந்து பார்த்தார். உரிய காலத்தில் வராது என்று தெரிந்ததும் தாமே ஏற்பாடு செய்தார். புயலடித்துப் பதினொரு வாரங்களில், 2005 நவம்பரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் வளாகத்தில் வகுப்புகள் தொடங்கின. முதல் நாளில் வந்தவர்கள் 334 பேர். வீடிழந்த ஆசிரியர்களே வீடிழந்த மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. 2007இல் அந்த அம்மையாருக்குக் கென்னடி நினைவாக வழங்கப்படும் துணிவு விருது கிடைத்தது.

முந்நூற்று முப்பத்து நான்கு என்ற எண்ணைப் பார்த்தபோது நம் சிறிய தமிழ்ப்பள்ளிகள்தாம் நினைவுக்கு வந்தன. (அத்தனை மாணவர்கள் இருந்தால் நம்மில் பலர் ‘நடுத்தரப் பள்ளி’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்!)

ஆர்லியன்ஸ் பாரிஷில் நடந்தது வேறு. அங்கே ஆசிரியர்களும் பணியாளர்களும் சம்பளமில்லாப் பேரிடர் விடுப்பில் வைக்கப்பட்டனர். 2005 நவம்பரில் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மாநிலத்தின் பொறுப்பில் கொண்டுவந்தது. 2006இன் தொடக்கத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பணியாளர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆசிரியர்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பணிநீக்கக் கடிதங்கள் பலருக்கு அவர்களின் பழைய முகவரிக்கே அனுப்பப்பட்டன. அந்த முகவரியில் வீடு இருந்தால்தானே கடிதம் கிடைக்கும்?

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே வட்டாரத்தில் கற்பித்த ஆசிரியை; மூன்று தலைமுறையை அறிந்தவர்; வீட்டையும் உடைமைகளையும் இழந்து எங்கோ உறவினர் வீட்டில் தங்கியிருக்கும்போது வேலையும் போயிற்று என்று வேறு யாரோ சொல்லிக் கேள்விப்படுகிறார். நமக்கு அப்படி நேர்ந்தால்?

அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2012இல் கீழ்நீதிமன்றத்திலும் 2014 தொடக்கத்தில் மேல்முறையீட்டிலும் வென்றனர். அதே ஆண்டு அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றம் 2015இல் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. பத்தாண்டு காத்திருப்பு அத்துடன் முடிந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லையேல் நான் நேர்மையற்றவன் ஆவேன். புயலுக்கு முன் அந்நகரப் பள்ளிகளின் நிலை மோசமாகவே இருந்தது. கடன், ஊழல், இடிந்து விழும் கட்டடங்கள், மிகத் தாழ்ந்த தேர்ச்சி என எல்லாக் கேடும் இருந்தன. பின்னர் அரசுப் பணத்தில் தனிக் குழுக்கள் நடத்தும் ‘சார்ட்டர்’ பள்ளிகள் பெருகின. 2019 அளவில் நகரின் பொதுப் பள்ளிகள் அனைத்துமே அவ்வகையாயின. தேர்வு மதிப்பெண்ணும் உயர்கல்விக்குச் செல்வோர் தொகையும் கணிசமாக உயர்ந்தன என்று துலேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அதை நான் மறுக்கவில்லை. மாணவர் தலைக்கு ஆகும் செலவும் கூடியது என்று அவர்களே சொல்வதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2010இல் அந்நாட்டின் கல்வி அமைச்சரே, நியூ ஆர்லியன்ஸ் கல்விக்கு நேர்ந்த மிக நல்ல நிகழ்வு கத்ரினாதான் என்ற பொருள்படப் பேசினார். பிறகு வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்த எண்ணம் அவர் ஒருவருடையது மட்டுமன்று.

நான் கேட்பது இதுதான். சீர்திருத்தம் தேவையாகவே இருக்கட்டும். ஊர் மக்கள் ஊரில் இல்லாத வேளையில், வாய் திறந்து கேட்க ஒருவரும் இல்லாத வேளையில் அதைச் செய்யலாமா? திரும்பி வந்த பிள்ளைக்குத் தெரு புதிது, வீடு புதிது, அண்டை வீட்டார் புதியவர்கள். வகுப்பறையில் நிற்பவராவது தெரிந்த முகமாக இருக்கக் கூடாதா? 2005இல் அந்நகர ஆசிரியர்களுள் 71 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். 2014இல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தனர். வெளியூர்களிலிருந்து வந்த இளம் ஆசிரியர்கள் ஆர்வத்தோடு உழைத்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு பிள்ளையின் பாட்டியை அவர்களுக்குத் தெரியாது. பேரிடருக்குப் பின் பாட்டியைத் தெரிந்திருப்பது பெரிய தகுதி என்று நான் நினைக்கிறேன். மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடமில்லை.

தெரிந்த முகம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்கு நானே சாட்சி. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில், குறிப்பாக ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வட்டாரத்தில், வீடுகளின் மேல்மாடி வரை நீர் ஏறியது பலருக்கும் நினைவிருக்கும். பள்ளி மீண்டும் திறந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? நான்காம் ஆண்டு மாணவர்களிடம் ‘நான் கண்ட வெள்ளம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். நல்ல தலைப்பு, அனுபவம் புதிது, சொற்கள் தாமே வரும் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு மாணவி தலைப்பை எழுதி அடிக்கோடிட்டாள். பிறகு இரண்டே வாக்கியங்கள்: ‘இரவில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அம்மா என்னை மேசை மேல் நிற்கச் சொன்னார்.’ அவ்வளவுதான். நான் சிவப்பு மையால் ‘இன்னும் விரிவாக எழுதுக’ என்று குறித்துக் கொடுத்தேன்.

அந்தச் சிவப்பு மையை இன்று நினைத்தாலும் கூசுகிறது. விரிவாக எழுத அவளிடம் என்ன இல்லை? எல்லாம் இருந்தது. அதைத் தாளில் மீண்டும் கொண்டுவரச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் வந்தது பள்ளிக்கூடம் பழையபடியே இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. மணி அடிக்கிறதா, கேண்டீன் அக்கா இருக்கிறாரா, தன் இடத்தில் தோழி உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்க்க. அன்று நான் ஒரு கதை சொல்லியிருக்கலாம். பாட்டுப் பாட வைத்திருக்கலாம். பழக்கமான வாய்ப்பாட்டை ஒருமுறை சொல்லச் சொல்லியிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். பேச விரும்பும் பிள்ளை தானாக வந்து பேசும். அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘பாடம் பின்தங்கிவிட்டது, கூடுதல் வகுப்பு வையுங்கள்’ என்று முதல் வாரத்திலேயே கேட்காதீர்கள். உங்கள் கவலை புரிகிறது. விடுபட்ட பாடத்தை ஆசிரியர்கள் எப்படியும் முடித்துவிடுவோம். அது எங்களுக்குத் தெரிந்த வேலை.

நியூ ஆர்லியன்ஸ் அதன்பின் மாறாமலும் இல்லை. பல நூறு கோடி டாலர் செலவில் கரைகள் புதிதாகக் கட்டப்பட்டன. 2021ஆம் ஆண்டு, அதே ஆகஸ்டு 29ஆம் நாள், ஐடா என்ற கடுஞ்சூறாவளி தாக்கியபோது கரைகள் தாங்கின. மின்சாரம்தான் போயிற்று, சில வாரங்களில் பள்ளிகள் திறந்தன. 2024இல், முழுக்கச் சார்ட்டர் மயமான அந்நகரில், கல்வி வாரியமே நேரடியாக நடத்தும் ஒரு பள்ளி மீண்டும் தொடங்கப்பட்டது. அதற்கு லியா சேஸ் என்ற புகழ்பெற்ற சமையற்கலை அம்மையாரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஊர்க்காரர் பெயர் என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்பதற்காக ஒரு தாளில் சிலவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். வெள்ளத்திற்குப் பின் முதல் வாரம் சீருடை கட்டாயமில்லை என்று முன்கூட்டியே அறிவிக்க முடியுமா? வீடு பாதிக்கப்பட்ட ஆசிரியருக்கு மாற்று ஏற்பாடு என்ன? பிள்ளைகள் இடம்பெயர்ந்தால் யார் யாரைத் தொலைபேசியில் அழைப்பது? பெற்றோரின் தொலைபேசி எண்கள் எழுதிய பதிவேடு எங்கே இருக்கிறது என்று சென்ற வாரம் அலுவலகத்தில் விசாரித்தேன். கீழ்த்தளத்தில், அலமாரியின் ஆகக் கீழ்த் தட்டில் இருந்தது. இப்போதைக்கு அதை எடுத்து மாடியில் வைத்திருக்கிறோம்.