டெட் வில்லியம்ஸின் 0.406: ரசிகர்கள் கொண்டாடுவது சரியான எண்ணைத்தானா?

1941 செப்டம்பர் 28, பிலடெல்பியா. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு அந்த பேஸ்பால் சீசனின் கடைசி நாள். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். 23 வயது டெட் வில்லியம்ஸின் பேட்டிங் சராசரி அன்று காலை 0.39955. மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்கினால் 0.400. ஆடாமல் உட்கார்ந்திருந்தாலே சாதனை கையில் இருக்கும். அணியின் மேலாளர் ஜோ க்ரோனின் அந்த வாய்ப்பைக் கொடுத்தும் வில்லியம்ஸ் மறுத்துவிட்டார். இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, 8 முயற்சிகளில் 6 ஹிட் அடித்து, சீசனை 0.406-ல் முடித்தார். அதன் பிறகு அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் ஒரு முழு சீசனில் 0.400-ஐ யாரும் தொடவில்லை.

அருமையான கதைதான். ஆனால், வில்லியம்ஸ் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதைச் சொல்ல 0.406 போதாது. அதே சீசனில் அவர் எடுத்த இன்னொரு எண்தான் அதைச் சொல்கிறது: 0.553.

பேட்டிங் சராசரி எதை மறைக்கிறது?

கிரிக்கெட்டில் சராசரி என்றால் ரன்களை அவுட் ஆன எண்ணிக்கையால் வகுப்பது. பேஸ்பாலில் அப்படியல்ல. அடித்த ஹிட்களை முயற்சிகளால் வகுக்க வேண்டும். வில்லியம்ஸ் 456 முயற்சிகளில் 185 ஹிட். அதுதான் 0.406.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, ஒரு பேஸ் ஓடினாலும் ஹோம் ரன் அடித்தாலும் இரண்டும் ஒரே ஒரு ஹிட். அந்த ஆண்டு வில்லியம்ஸ் அடித்த 37 ஹோம் ரன்களுக்குத் தனி மதிப்பே இல்லை.

இரண்டாவது, 'வாக்'. பந்துவீச்சாளர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே வீசி, பேட்டர் அவற்றை அடிக்காமல் விட்டால், அவர் நேராக முதல் பேஸுக்கு நடந்து போகலாம். சராசரிக் கணக்கில் இது முயற்சியாகவே சேராது. 1941-ல் வில்லியம்ஸ் இப்படி 147 முறை நடந்தார். பேட்டிங் சராசரியைப் பொறுத்தவரை அந்த 147 முறையும் அவர் மைதானத்துக்கே வரவில்லை!

0.553 எப்படி வந்தது?

'ஆன் பேஸ்' விகிதம் இந்த ஓட்டையை அடைக்கிறது. 185 ஹிட், 147 வாக், பந்து உடம்பில் பட்டு பேஸுக்குப் போனது 3 முறை. மொத்தம் 335. அவர் மட்டையோடு நின்றது 606 முறை. வகுத்தால் 0.553. பேரி பாண்ட்ஸ் 2002-ல் 0.582 எடுக்கும் வரை அந்த இரு லீக்குகளிலும் இதை யாரும் தாண்டவில்லை.

இது ஏன் முக்கியம்? பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸில் கிடைப்பது 27 அவுட்கள்தான். அவுட் ஆகாமல் இருப்பதே பெரிய சொத்து. 'சும்மா நடந்து போறதுக்கு என்ன மதிப்பு?' என்று கேட்பவர்களுக்கும் கணக்கில் பதில் இருக்கிறது. பல்லாயிரம் ஆட்டங்களை அலசிய கணிப்பின்படி ஒரு வாக் சுமார் 0.3 ரன்னுக்குச் சமம். ஒரு பேஸ் ஹிட் அரை ரன்னுக்குச் சற்றுக் குறைவு. ஹோம் ரன் சுமார் 1.4 ரன்.

அடியின் வலிமையை அளப்பது 'ஸ்லக்கிங்' விகிதம். ஒவ்வொரு ஹிட்டுக்கும் எத்தனை பேஸ் கிடைத்தது என்று கூட்டி, முயற்சிகளால் வகுப்பது. வில்லியம்ஸுக்கு 0.735. இந்த இரண்டையும் கூட்டினால் வருவதுதான் ஓ.பி.எஸ்.: 1.287.

தப்பாக அளந்ததன் விலை

அளவுகோல் தப்பானால் கௌரவமும் தப்பான இடத்துக்குப் போகும். 1954-ல் வில்லியம்ஸ் 0.345 அடித்தார். பட்டம் கிடைத்தது 0.341 எடுத்த பாபி அவிலாவுக்கு. காரணம், குறைந்தது 400 முயற்சிகள் வேண்டும் என்ற விதி. வில்லியம்ஸுக்கு இருந்தது 386. ஆனால் அவர் 136 முறை நடந்திருந்தார். அவை கணக்கில் வரவில்லை. பின்னர் விதியே மாற்றப்பட்டு, மட்டையோடு நின்ற மொத்தத் தடவைகள் எண்ணப்பட்டன.

1941-ன் மதிப்புமிக்க வீரர் விருதும் வில்லியம்ஸுக்கு இல்லை. தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்த நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோ 291 புள்ளிகளும், வில்லியம்ஸ் 254 புள்ளிகளும் பெற்றனர். டிமாஜியோ தரப்பிலும் நியாயம் உண்டு. அவர் மிகச் சிறந்த ஃபீல்டர். அவர் அணி லீக்கை வென்றது. வலது கை ஆட்டக்காரரான அவருக்கு யாங்கீ மைதானத்தின் இடப்பக்கம் மிகத் தொலைவு. சரி, மைதானத்தையும் கணக்கில் எடுத்துவிடலாம். அதற்குத்தான் ஓ.பி.எஸ். பிளஸ். அதில் 100 என்பது லீக் சராசரி. வில்லியம்ஸ் 235. டிமாஜியோ 200-ஐ எட்டவில்லை. மட்டையை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை.

எண்ணுக்கும் எல்லை உண்டு

எந்தச் சூத்திரமும் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. 1941-ல் அந்த இரு லீக்குகளிலும் கறுப்பின வீரர்களுக்கு இடமில்லை. சாட்செல் பெய்ஜ் போன்ற பந்துவீச்சாளர்களை வில்லியம்ஸ் அந்த ஆண்டின் லீக் ஆட்டங்களில் சந்திக்கவே இல்லை. அதனால் 'லீக் சராசரி 100' என்பதே பலரை வெளியே நிறுத்திவிட்டு எடுத்த சராசரி.

இதை வில்லியம்ஸே உணர்ந்திருந்தார். 1966-ல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, பெய்ஜும் ஜோஷ் கிப்சனும் அங்கே இடம்பெற வேண்டும் என்று மேடையிலேயே சொன்னார். 2024-ல் நீக்ரோ லீக் ஆட்டங்கள் மேஜர் லீக் பதிவேட்டில் சேர்ந்தபோது, வாழ்நாள் பேட்டிங் சராசரியில் 0.372-வுடன் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். ஆன் பேஸ் விகிதத்தில் வில்லியம்ஸின் 0.482 அப்போதும் உச்சியிலேயே இருந்தது. பட்டியலை விரிவாக்கியதால் அவர் எதையும் இழக்கவில்லை.

எனவே 0.406-ஐத் தாராளமாகக் கொண்டாடலாம். அந்தக் கடைசி நாளின் துணிச்சலுக்காக. அவரது ஆட்டத்தின் தரத்துக்குச் சான்று வேண்டுமென்றால் 0.553-ஐப் பாருங்கள். அடிக்கக் கூடாத பந்தை விட்டுவிடுவதும் ஆட்டத் திறமைதான் என்பதை அந்த எண் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டது.