நடை சாத்தும் நேரம்

காஞ்சி ஏகாம்பரநாதர் ஆலயத்தில் ஆறுகால பூஜை நடைபெறுகிறது. ஒவ்வொன்றுக்கும் உரிய பொழுது உண்டு. உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்தி, மாலையில் மீண்டும் திறப்பர்.

இந்நகரின் தறியும் இதையே உணர்த்துகிறது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து கோர்வையில் இணைக்கும் பட்டில், முகூர்த்த நாள் நெருங்கினாலும் அவசரம் உதவாது. அறுந்த இழையை அப்போதே முடிய வேண்டும். விட்டால் அக்குறை புடவையிலேயே தங்கிவிடும்.

அன்பர்களே, வேலை மிகுதியால் மட்டும் மனம் தளர்வதில்லை. ஒரு வேலையின் பொழுதில் மற்றொன்றை எண்ணுவதாலும் தளர்கிறது. காலையில் அன்றைய கடமைகளை வரிசைப்படுத்துங்கள். சிறு வேலையை உடனே முடியுங்கள். இரவில் கணக்குக்கும் கைப்பேசிக்கும் நடை சாத்துங்கள். இறைவன் சந்நிதிக்கே அந்நேரம் உண்டெனில், இல்லறத்தார் ஓய்வது குற்றமாகாது.