அழவிட்டால் குட்டி பழகுமா?

நாய்க்குட்டியைக் கூண்டுக்குப் பழக்குவது பற்றி நாய் வளர்ப்போரிடையே வேரூன்றிய கூற்று ஒன்று உண்டு: “வீட்டுக்கு வந்த முதல் இரவே குட்டியைக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் அழும். யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்தால் தானாகப் பழகிவிடும்.” வளர்ப்பகங்களிலும் பயிற்றுநர்களிடமும் பக்கத்து வீட்டாரிடமும் அடிக்கடி கேட்கும் இந்த அறிவுரை ஐந்து வாதங்களின் மேல் நிற்கிறது. ஐந்தும் ஆராய்ந்தால் நிலைக்காதவை.

கூண்டே வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. மின்கம்பியைக் கடிக்கும் வயதில் குட்டியைச் சிறிது நேரம் பாதுகாப்பாக வைக்கக் கூண்டு உதவும். காரில் போகும்போதும், ரயிலில் கார்டு பெட்டியின் நாய்க் கூண்டில் பயணம் செய்யும்போதும், கால்நடை மருத்துவமனையில் தங்க நேரும்போதும், எலும்பு முறிவுக்குப் பின் அசையாமல் ஓய்வெடுக்க வேண்டியிருக்கும்போதும் கூண்டில் நிம்மதியாகப் படுக்கத் தெரிந்த நாய் படும் துன்பம் குறைவு. அந்த நிம்மதி எப்படி உண்டாகிறது என்பதுதான் இங்குள்ள கேள்வி.

வாதம் 1: நாய் பொந்தில் வாழும் விலங்கு, கூண்டு அதற்கு இயல்பான இடம்

இதில் உண்மை ஒரு துளி உண்டு. ஓநாய்கள் குட்டி போடப் பொந்தைப் பயன்படுத்துகின்றன. ஆனால் குட்டிகள் ஏறக்குறைய எட்டு முதல் பத்து வாரம் ஆனதும் பொந்தைவிட்டுத் திறந்த வெளிக்கு மாறிவிடுகின்றன. வளர்ந்த ஓநாய்கள் பெரும்பாலும் வெளியிலேயே உறங்குகின்றன. நம் தெருநாய்களும் அப்படித்தான். கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் மேற்கு வங்கத் தெருநாய்களின் ஈற்றிடங்களை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். தாய் நாய்கள் மனிதர் நடமாட்டத்துக்கு அருகிலேயே இடம் தேடுகின்றன என்பது அதில் தெரியவந்தது.

பொந்துக்கும் பூட்டிய கூண்டுக்கும் இரண்டு பெரிய வேறுபாடுகள் உள்ளன. பொந்துக்குக் கதவு கிடையாது. குட்டி விரும்பியபோது வெளியே வரலாம். பொந்துக்குள் தாயும் உடன்பிறந்த குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். குட்டி அங்கே ஒருபோதும் தனியாக இல்லை. பொந்து தந்த பாதுகாப்புணர்வுக்குக் காரணம் அந்த உடற்சூடும் வாசனையும் துணையும்தான். அவை எதுவும் இல்லாத கம்பிப் பெட்டியில் வெறும் நான்கு பக்கச் சுவர் மட்டும் அந்த உணர்வைத் தராது. மூடிய சிறு மூலையை விரும்பும் இயல்பு நாய்களில் பலவற்றுக்கு உண்டு. அந்த இயல்பு கூண்டுப் பயிற்சிக்குத் தொடக்கம் தரும், பயிற்சியின் வேலையை அது செய்துவிடாது.

வாதம் 2: அழும்போது கவனித்தால் அடம் கூடிவிடும்

இந்த வாதம், குட்டியின் எல்லா ஒலியும் எதையோ சாதிப்பதற்கான தந்திரம் என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியை நீண்ட காலம் ஆராய்ந்தனர். பழக்கமில்லாத இடத்தில் தனியே விடப்படும் குட்டியின் கதறல் ஆறாம் ஏழாம் வார வாக்கில் உச்சத்தை அடைகிறது என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. பழகிய இடத்தில் தனித்திருக்கும் குட்டியைவிடப் புது இடத்தில் தனித்திருக்கும் குட்டி மிக அதிகமாகக் கதறியது.

ஸ்காட்டும் சக ஆய்வாளர்களும் 1977இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, எது அந்தக் கதறலைத் தணிக்கும் என்று பார்த்தது. உணவு பெரிதாக உதவவில்லை. மென்மையான பொருட்கள் ஓரளவு உதவின. மனிதர் அருகில் இருந்தபோதுதான் கதறல் மிகவும் அடங்கியது. பசிக்காகவோ விளையாட்டுப் பொருளுக்காகவோ குட்டி அழவில்லை, துணை வேண்டி அழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதைத் தடை செய்கின்றன. அந்த விதியை மதித்து வாங்கிய குட்டிகூடத் தாயைப் பிரிந்து புது வீட்டுக்கு வரும்போது அந்த உச்ச வயதைச் சற்றே கடந்திருக்கும், அவ்வளவுதான். முதல் இரவின் அழுகை அச்சத்தின் வெளிப்பாடு. அச்சத்தைக் கவனிப்பதால் அச்சம் வளராது. அருகே ஒருவர் வந்து அமர்வதால் அது தணியும்.

கவனத்துக்காகக் குரைக்கும் பழக்கம் என்று ஒன்றும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. கூண்டில் பல நாள் நிம்மதியாக உறங்கிய குட்டி, வயிறு நிறைந்து, சிறுநீர் கழித்துவிட்டு வந்தபின், விளையாட அழைத்து ஓரிரு முறை குரைத்தால் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். அச்சத்தில் நடுங்கிக் கதறும் குட்டிக்கு அந்த விதியைப் பொருத்துவதுதான் பிழை. முதலாவதில் இடைவெளி விட்ட குரைப்பு, தளர்ந்த உடல், ஆளைப் பார்க்கும் கண். இரண்டாவதில் இடைவிடாத கிறீச்சொலி, கம்பியைப் பிறாண்டுதல், எச்சில் வடிதல், மூச்சிரைப்பு. சற்றே கவனித்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

வாதம் 3: மூன்றாம் நாள் அடங்கிவிடுகிறதே, அதுவே ஆதாரம்

பல குட்டிகள் அடங்குகின்றன என்பது உண்மை. அடங்கியதால் பழகிவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. எவ்வளவு கதறினாலும் ஒன்றும் நடக்காது என்று அறிந்த குட்டி களைப்பில் கதறலை நிறுத்தும். அதனுள் இருக்கும் அச்சம் அதனால் நீங்கிவிடுவதில்லை.

மணியோசைக்குப் பின் உணவு வந்துகொண்டே இருந்தால், மணியோசை மட்டும் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும் என்பது பாவ்லோவின் பெயரோடு சேர்ந்து எல்லோரும் அறிந்த பாடம். அதே விதி அச்சத்துக்கும் பொருந்தும். கூண்டு, மூடும் கதவின் ஓசை, இருட்டு, தனிமை, நடுக்கம் என்று வரிசையாக நேர்ந்தால், கதவின் ஓசை கேட்டதுமே குட்டிக்கு நடுக்கம் பிறக்கும். மூன்றாம் நாள் இரவில் அமைதி தெரிந்தாலும், கூண்டின் பக்கம் அழைத்தால் குட்டி பின்வாங்குவது, கட்டிலடியில் ஒளிவது, தூக்கி உள்ளே வைத்தால் மட்டும் இருப்பது, காலையில் விரிப்பு எச்சிலால் நனைந்திருப்பது ஆகியவை அந்த அமைதியின் உண்மையைச் சொல்லிவிடும். பழகிய நாய்க்கு அடையாளம் ஒன்றுதான்: கதவு திறந்திருக்கும்போதும் அது தானே கூண்டுக்குள் போய்ப் படுக்கும்.

அச்சம் இப்படிப் பதியும் காலமும் முக்கியம். நாய்க்குட்டிக்கு மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரை, எது பாதுகாப்பானது, எது ஆபத்தானது என்று உலகத்தை அறிந்துகொள்ளும் பருவம். புது வீட்டின் முதல் நாட்கள் அந்தப் பருவத்துக்குள்ளேயே வருகின்றன. அப்போது கூண்டும் வீட்டு மனிதரும் அச்சத்தோடு இணைந்துவிட்டால், பின்னர் அதை மாற்றப் பன்மடங்கு உழைக்க வேண்டியிருக்கும்.

வாதம் 4: படுக்கும் இடத்தை நாய் அசுத்தம் செய்யாது, பூட்டினால் அடக்கக் கற்றுக்கொள்ளும்

முதல் பாதி பெரும்பாலும் சரி. மூன்று வாரம் வரை தாய் நக்கியே குட்டிகளைச் சுத்தம் செய்கிறது; அதன் பிறகு குட்டிகள் படுக்கையைவிட்டு விலகிச் சிறுநீர் கழிக்கத் தொடங்குகின்றன. இரண்டாம் பாதி உடலின் எல்லையை மறந்துவிடுகிறது. பகலில் குட்டி எத்தனை மணி நேரம் அடக்கும் என்பதற்குப் பயிற்றுநர்கள் சொல்லும் கணக்கு, மாத வயதோடு ஒன்றைக் கூட்டுவது. இரண்டு மாதக் குட்டிக்கு அது மூன்று மணி நேரம், அதுவும் மேல்வரம்பு. உறங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடியதும் உடனே வெளியே கொண்டுபோக வேண்டும். ஐந்தாறு மணி நேரம் பூட்டப்பட்ட குட்டி அடக்கக் கற்பதில்லை. வேறு வழியின்றிப் படுக்கையிலேயே போய், அதிலேயே படுக்கக் கற்கிறது. சிறிய கூண்டுகளில் அசுத்தத்தின் மேலேயே வளர்க்கப்பட்டு விற்கப்படும் குட்டிகளிடம் இந்த நிலையைக் காணலாம். தூய்மை நாடும் இயல்பு ஒருமுறை கெட்டுவிட்டால், கூண்டால் கிடைக்கக்கூடிய பெரிய பயனே போய்விடும்.

நள்ளிரவில் குட்டி முனகினால் அது பெரும்பாலும் இந்தத் தேவைக்காகத்தான். அந்த முனகலைக் கேளாமல் விடுவது, வெளியே போக வேண்டும் என்று சொல்லத் தெரிந்த குட்டியைச் சொல்லாமலிருக்கப் பழக்குவதாகும்.

வாதம் 5: கூண்டு பாதுகாப்பானது, வேலைக்குப் போகும்போது நாள் முழுதும் வைக்கலாம்

குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் உறங்கும் என்பதைக் காட்டி இந்த வாதம் வைக்கப்படுகிறது. அந்த உறக்கம் துண்டு துண்டானது. இடையே ஓடவும் முகரவும் கடிக்கவும் மனிதரோடு பழகவும் குட்டிக்கு நேரம் வேண்டும். தசையும் எலும்பும் வளரும் மாதங்களில் எட்டு ஒன்பது மணி நேரம் ஒரே பெட்டியில் கழிப்பது உடலுக்கும் மனதுக்கும் கேடு.

தமிழ்நாட்டின் வெப்பம் இன்னொரு காரணம். நாய்க்கு மனிதரைப் போல உடல் முழுதும் வியர்க்காது. மூச்சிரைத்தே அது உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. அதன் இயல்பான வெப்பநிலை சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். உள்ளே இருட்டாக இருக்கட்டும் என்று கனத்த போர்வையால் மூடிய கூண்டில், மின்தடை ஏற்பட்ட மே மாதப் பிற்பகலில், தப்பிச் செல்ல இடமில்லாத குட்டிக்கு வெப்பத்தாக்கு உயிரையே பறிக்கலாம். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கழுத்துப்பட்டை கம்பியில் சிக்கி மூச்சுத்திணறும் அபாயமும் உண்டு. கூண்டுக்குள் விடும்போது பட்டையைக் கழற்றிவிட வேண்டும்.

சட்டமும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில், விலங்கு அசைய நியாயமான வாய்ப்புத் தராத அளவுள்ள கூண்டில் அதை அடைப்பதையும், வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் அல்லது அடைத்துவைக்கப்படும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் விடுவதையும் குற்றமாக்கியுள்ளது. ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் பயணம், போட்டி, நோய் போன்ற தேவைகளுக்கன்றி நாயைச் சிறு கூண்டில் அடைத்து வைப்பதைச் சட்டம் ஏற்பதில்லை.

பழக்கும் முறை

படிப்படியாகப் பழக்கினால் காலம் வீணாகும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. பெரும்பாலான குட்டிகளுக்குச் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் போதும்.

கூண்டு, குட்டி தலை இடிக்காமல் நிற்கவும் சுற்றித் திரும்பவும் கால் நீட்டிப் படுக்கவும் இடம் தர வேண்டும். பெரிய கூண்டாக வாங்கினால் தடுப்பு வைத்துக் குட்டியின் அளவுக்குச் சுருக்கி, வளர வளர நகர்த்தலாம். அதை ஆட்கள் புழங்கும் கூடத்தில், வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, கதவு தானாக அடித்துக்கொள்ளாதபடி திறந்தே கட்டிவைக்க வேண்டும். குட்டியை வாங்கும்போதே தாயின் படுக்கையிலிருந்து ஒரு துணியைக் கேட்டு வாங்கி உள்ளே விரித்தால், பழகிய வாசனை உதவும்.

முதலில் உணவுத் தட்டைக் கூண்டின் வாசலில் வைக்கலாம். அடுத்தடுத்த வேளைகளில் சற்று உள்ளே, பிறகு கடைசிச் சுவரோரம். இடையிடையே வேகவைத்த கோழித் துண்டோ முட்டைத் துண்டோ உள்ளே போட்டு, குட்டி தானே போய் எடுத்துத் திரும்ப விட வேண்டும். தள்ளவோ தூக்கி உள்ளே வைக்கவோ கூடாது. தயங்காமல் நுழையத் தொடங்கிய பின், அது உண்ணும்போது கதவைச் சில வினாடி சாத்தி, உண்டு முடிக்கும் முன்பே திறக்கலாம். தாளிக்காத தயிர்ச்சோற்றை அடைத்த குழிவான ரப்பர் பொம்மையை உள்ளே கொடுத்தால் நக்கிக்கொண்டே நெடுநேரம் படுத்திருக்கும். வினாடிகள் நிமிடங்களாகும்போது ஆள் அருகிலேயே இருக்க வேண்டும். பிறகு எழுந்து நிற்பது, அறையைவிட்டுச் சற்று விலகித் திரும்புவது என்று கூட்டலாம். குட்டி முனகினால் அந்தப் படி பெரிதாகிவிட்டது என்று பொருள். முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். விளையாடி, சிறுநீர் கழித்து, கண் சொருகும் நேரமே பழக்க நல்ல நேரம்.

இரவில் கூண்டு படுக்கைக்கு அருகே, கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். விரல் நுனியை முகர்ந்தாலே பல குட்டிகள் உறங்கிவிடும். இரவில் ஓரிரு முறை எழுப்பி வெளியே கொண்டுபோய், விளையாட்டுக் காட்டாமல் மீண்டும் படுக்கவிட வேண்டும். குட்டி அமைதியாக உறங்கப் பழகியபின், கூண்டை நாளுக்குச் சிறிதாக நகர்த்தி நிலையான இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

தண்டனைக்குக் கூண்டைப் பயன்படுத்தினால் இத்தனை உழைப்பும் பாழாகும். வீட்டுக் குழந்தைகள் உள்ளே கைவிட்டுக் குட்டியைச் சீண்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் குட்டி கம்பியைக் கடித்து, எச்சில் வடித்துத் தவித்தால், பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அத்தகைய குட்டிக்குத் தடுப்புக் கதவு போட்ட அறையோ அகன்ற கம்பி வேலியோ கூண்டின் வேலையைச் செய்யும்.

அழவிட்டுப் பழக்குவதில் பயிற்சி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அது குட்டியைக் கைவிடுவது மட்டுமே. குட்டி வாங்க முடிவு செய்வோர், அது வீட்டுக்கு வரும் முதல் வாரத்தில் ஒருவராவது அதனோடு இருக்க முடியும் என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே வாங்கட்டும்.